கள்ளியின் சாட்சி: நீலி கதையை இன்றைய இசைக்குக் கொண்டுவருதல்

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது. கித்தார், கீபோர்டு, டிரம்ஸ், ஒரு பாடகி என நால்வர் கொண்ட குழு அவருடையது. இசக்கியம்மன் கோயில் திருவிழாக்களான கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் பஞ்சவன்காட்டு நீலி கதையை இருபது நிமிட இசைப்படைப்பாக்க விரும்புகிறார்கள். அவ்வளவு பெரிய கதையை எப்படிச் சுருக்குவது, பழைய மெட்டுகளை அப்படியே எடுத்தாளலாமா, யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பவை அவருடைய மூன்று ஐயங்கள். சுருக்குவது பற்றிய முதல் ஐயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வேன். கொடையில் விடிய விடியப் பாடப்படும் கதையை இருபது நிமிடத்துக்குள் திணித்தால் கிடைப்பது கதைச்சுருக்கம்தான், அது இசையாகாது. கதை எதன்மேல் நிற்கிறதோ அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதை மட்டும் இசையாக்குங்கள். நீலி கதையில் அந்த ஒன்று சாட்சி என்பது என் உறுதியான கருத்து.

வெளியூர் வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழகை என்ற ஊரில் ஒரு கோயில் பூசாரியின் மகன் லட்சுமி என்ற தாசியிடம் தன் பொருளையெல்லாம் இழக்கிறான். கையில் காசில்லாதவனை அவளுடைய தாய் விரட்டிவிடுகிறாள். ஆனால் லட்சுமி அவன்மேல் வைத்த அன்பால் அவனைத் தேடிக் காட்டுவழியே போகிறாள். கள்ளிச்செடியின் அருகில் அவன் மடியில் தலைவைத்து அவள் உறங்கும்போது, அவன் அவளது நகைகளுக்கு ஆசைப்பட்டுத் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். சாகும் நேரத்தில் அவள், இந்தக் கள்ளியே சாட்சி என்கிறாள். அவளைத் தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிர் விடுகிறான். கொலைகாரன் பாம்பு கடித்துச் சாகிறான். மறுபிறவியில் அண்ணனும் தங்கையும் அரசன் வீட்டில் நீலன், நீலி என்ற பேய்க்குழந்தைகளாகப் பிறந்து காட்டில் விடப்படுகிறார்கள். கொன்றவன் ஆனந்தன் என்ற செட்டியாகப் பிறக்கிறான். அவன் வணிகத்துக்காகக் காட்டைக் கடக்கும்போது, நீலி அதே கள்ளியின் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவனைத் தொடரும் மனைவியைப் போலப் பின்னால் வருகிறாள். அஞ்சி ஓடியவன் பழகையில் ஊர்ப் பொறுப்பிலிருந்த எழுபது வெள்ளாளர்களிடம் முறையிடுகிறான். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊரார் அதை நம்புகிறார்கள். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி இருவரையும் ஒரே அறையில் இரவு தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். பிணை சொன்ன எழுபது பேரும் அழிகிறார்கள்.

இந்தக் கதையில் மூன்று முறை சாட்சி சொல்லப்படுகிறது. கொலையின்போது கள்ளி வாய்பேசாச் சாட்சி. மன்றத்தில் அதே கள்ளி குழந்தையாகி வாய் திறந்து சொல்வது பொய்ச்சாட்சி. ஆனால் அந்தப் பொய்க்குள் முற்பிறவியின் உண்மை இருக்கிறது. மூன்றாவது, எழுபது பேரின் பிணைச்சொல். அவர்கள் நல்லவர்கள், நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லியே அழிகிறார்கள். பேய் வந்து மிரட்டுவதாக இசையமைத்தால் அது எந்தப் பேய்க்கதைக்கும் பொருந்தும். ஊரார் சேர்ந்து சொன்ன ஒரு சொல் உயிரைக் குடிப்பதாக இசையமைத்தால்தான் அது நீலிக்கு மட்டுமே உரியதாகும்.

நீலி நம் எல்லைக்கு மட்டும் சொந்தமானவள் அல்லள் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் மறுகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய திருவாலங்காட்டுக்கு அருகில் உள்ள பழையனூரிலும் இதே கதை நிலைத்திருக்கிறது. அங்கே பிணை சொன்ன எழுபது வேளாளர்கள் சொன்ன சொல்லைக் காக்கத் தீயில் இறங்கினார்கள். அவர்களுக்கு நினைவு மண்டபமும் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே, வஞ்சித்து ஒருத்தி உயிர் கொண்ட அந்தச் செய்தியைக் குறிப்பிடுகிறார். சமணர்களோ பழையனூர் நீலியை ஒரு முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்தச் செய்து, நீலகேசி என்ற காப்பியத்தின் தலைவியாக்கிவிட்டார்கள். மேற்கே மலையாளத்தில் அவள் கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சி. கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அவளை அடக்கியதாகக் கதை போகிறது. நம் வில்லுப்பாட்டில் மட்டும் அவளை யாரும் அடக்குவதில்லை, திருத்துவதும் இல்லை. அவள் இசக்கியாகி நிலையம் கொள்கிறாள். ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே இன்றும் அவளுக்குப் பூசை நடக்கிறது. அடக்கப்பட்டவளா, திருந்தியவளா, தெய்வமானவளா என்பதில் நீங்கள் எடுக்கும் முடிவே படைப்பின் கடைசி நிமிடங்களைத் தீர்மானிக்கும். ஆகவே முதல் ஸ்வரத்தை எழுதுமுன்பே அந்த முடிவுக்கு வந்துவிடுங்கள். நீங்கள் கொடையில் கேட்ட நீலியையே எடுத்துக்கொள்வதாக இருந்தால், தெய்வமாகும் முடிவைத் தவிர வேறொன்று பொருந்தாது.

இனி வடிவம். வில்லுப்பாட்டுக்குக் காப்பு விருத்தம், வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி பாடுதல் என்று ஒரு வரிசை உண்டு. இதை அப்படியே ஏழு பகுதிகளாக்கி இசையமைக்கும் ஆசை எவருக்கும் எளிதில் வரும், வேண்டாம் என்பேன். அந்த வரிசை ஒரு முழு இரவுக்காக அமைந்தது. இருபது நிமிடத்தில் அது வெறும் அட்டவணையாகத்தான் கேட்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது அதற்குள் இயங்கும் முறையை: தாளமில்லாமல் நீளும் விருத்தம், தாளத்தோடு ஓடும் பாட்டு, இரண்டுக்கும் இடையில் பேச்சாக வரும் வசனம் ஆகிய மூன்றும் மாறி மாறி வந்து கேட்பவனைக் கட்டிப்போடும் முறை. நாஞ்சில் நாட்டில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பிறப்பைச் சொல்லும் கதைகள், இறப்பைச் சொல்லும் கதைகள் என்று பிரித்துக்காட்டினார். இறப்புக் கதைகளில் சாவைப் பாடும் இடமே கொடையின் நடுப்புள்ளி. அங்கேதான் காலம், அதாவது பாட்டின் வேகம், முடுக்கப்படும், சாமி வந்து இறங்கும். நீலி கதை அந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே உங்கள் படைப்பிலும் வேகத்தின் உச்சம் பேய் தோன்றும் இடத்தில் வரக்கூடாது. அது கள்ளிக்காட்டுக் கொலையில் வர வேண்டும். பின்னால் வருவதெல்லாம் அந்தக் கொலையின் எதிரொலியாகவே அமைய வேண்டும்.

வில்லுப்பாட்டில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகி, கவனிக்காமலேயே விட்டுவிட்ட ஒரு செல்வம் இருக்கிறது: பின்பாட்டுக்காரர்கள் சொல்லும் 'ஆமா'. தலைமைப் பாடகரான அண்ணாவி ஒரு செய்தியைச் சொல்வார், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஆமா என்பார்கள்; அவர் ஒரு கேள்வி கேட்டால் அவர்கள் அதைத் திருப்பிக் கேட்பார்கள். வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் அந்த ஆமாவைக் கொண்டே வானொலியிலும் மேடையிலும் தமிழ்நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார், சிந்திக்கவும் வைத்தார். நீலி கதையில் அந்தச் சொல் வேறொன்றாக மாறக்கூடியது. படைப்பின் தொடக்கத்தில், ஊர்வளம் சொல்லும்போது, ஆமா என்பது வழக்கமான உற்சாகத்தோடு வரட்டும். கொலையின்போது அண்ணாவியின் குரல் கேட்கிறது, ஆனால் எவரும் ஆமா சொல்வதில்லை. அந்த இடம் ஒவ்வொரு முறையும் காலியாக விடப்படட்டும், தாளக்கணக்கில் அதற்கான இரண்டு அட்சரம் மட்டும் அப்படியே நிற்கட்டும். மன்றத்தில், இவன் உன் கணவனா, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இவனா, இவன் உயிருக்கு நாங்கள் பிணையா என்று கேள்விகள் வரிசையாக எழும்போது ஆமா திரும்பி வருகிறது: முதலில் ஒரு குரல், பிறகு மூன்று, பிறகு கூட்டமாக. இதுவரை கதை கேட்டவர்களின் ஆமோதிப்பாக இருந்த சொல் அங்கே எழுபது பேரின் பிணைச்சொல்லாகிவிடும். குழுவில் நால்வரே இருந்தாலும் ஒலிப்பதிவில் ஒரே குரலை அடுக்கிப் பெருக்காதீர்கள். ஊரில் இருக்கும் பதினைந்து இருபது பேரை, பாடத் தெரியாதவர்களையும் சேர்த்து, ஓர் அறையில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். வெவ்வேறு வயதுக் குரல்கள் சற்றே முன்பின்னாக விழும்போதுதான் அது ஊராகக் கேட்கும்.

அடுத்தது கள்ளி. கள்ளிக்கென்று ஒரு சிறு ஸ்வரத்தொடர் வேண்டும், அது இரண்டு முறை வர வேண்டும், இரண்டாம் முறை வேறு முகத்தோடு வர வேண்டும். நான் சொல்லக்கூடிய ஒரு வழி இது. நம் பக்கத்துப் பாட்டு மெட்டுகளில் புன்னாகவராளியின் சாயல் நிறைய உண்டு. அந்த ராகத்தின் எல்லை கீழ் நிஷாதத்திலிருந்து (நி) மேல் நிஷாதம் வரைதான்; மேல் ஷட்ஜத்தை (ஸ) தொடாமலே திரும்பிவிடும். ஆகவே எதுவோ முடியாமல் நிற்கிறது என்ற உணர்வு அதற்கு இயல்பாகவே உண்டு. கொலைக் காட்சியில் ஸ ரி க ம என்று நான்கே ஸ்வரம் ஏறி, க ரி ஸ என்று இறங்கி, கீழ் நிஷாதத்தில் நிற்கட்டும். ஷட்ஜத்துக்குத் திரும்ப வேண்டாம். மன்றத்தில் குழந்தை வாய் திறக்கும்போது அதே ஸ ரி க ம நீலாம்பரியில் வரட்டும். தாலாட்டுக்குரிய ராகம் என்று எல்லோர் காதிலும் பதிந்தது அது. முன்பு சுத்த ரிஷபமும் சாதாரண காந்தாரமுமாக இருந்தவை இப்போது சதுஸ்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமுமாக விரிகின்றன. இரண்டுக்கும் பொதுவான சுத்த மத்தியமம் மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது. கித்தார்க்காரருக்குச் சொல்வதானால், ஒரே தந்தியில் ஷட்ஜத்திலிருந்து 1, 3, 5 என்ற கட்டைகளில் (ஃபிரெட்) விழுந்த விரல் இப்போது 2, 4, 5 இல் விழுகிறது. பிறகு க ரி க ஸ என்று இறங்கி ஷட்ஜத்தில் வந்து அமர்கிறது. முதன்முறை அமராமல் போனது இங்கே அமர்ந்துவிடுவதால், கேட்பவருக்கு ராகம் தெரியாவிட்டாலும் கணக்குத் தீர்ந்ததாக ஓர் உணர்வு வரும். குழந்தையின் இனிமையில் அச்சம் பிறப்பதும் அதனால்தான். ஓர் எச்சரிக்கையும் உண்டு: புன்னாகவராளியை மகுடி ஊதுவது போல இழுத்துவிட்டால் கேட்பவர் மனம் நேராகப் பாம்புத் திரைப்படத்துக்குப் போய்விடும். ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகத்தைக் குறைத்து, ஒப்பாரி சொல்பவள் குரலைப் போல நேராகப் பாடச் சொல்லுங்கள்.

வரிகளும் அப்படியே நேராக இருக்கட்டும். மாதிரிக்கு நானே இரண்டடி எழுதிப் பார்த்தேன்:

கண்ணுறங்கும் வேளையிலே கள்ளிமட்டும் பார்த்திருக்க
மண்ணுறங்கும் காட்டினிலே மண்டையிலே கல்விழவே

இவ்வளவு போதும். கொன்றவனின் மனநிலை, அவளுடைய கனவு என்றெல்லாம் நவீனக் கவிதையாக விரிக்கத் தொடங்கினால் வில்லின் மிடுக்கு போய்விடும். கதை சொல்பவரின் பகுதிகளை இலக்கண நடையிலும், நீலியும் செட்டியும் பேசும் வசனங்களை விளவங்கோடு, கல்குளம் வட்டாரப் பேச்சு வழக்கிலும் எழுதுங்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மண் இது. தமிழும் மலையாளமும் கலந்த தெற்கன் பாட்டுகள் பிறந்த பகுதியும் இதுவே. அந்தக் கலப்பை வசனத்தில் மறைக்க வேண்டிய தேவை இல்லை.

காட்டுவழியில் அவன் ஓட, அவள் பின்தொடரும் பகுதிக்கு மிஸ்ர சாபு பொருந்தும். மூன்றும் நான்குமாக உடையும் அந்த ஏழில், மூன்றை அவனுக்கும் நான்கை அவளுக்கும் கொடுத்தால், அவன் எவ்வளவு விரைந்தாலும் அவள் ஒரு அட்சரம் கூடுதலாகவே வந்து சேர்வாள். டிரம்ஸ் வாசிப்பவர் இங்கே அடக்கி வாசிக்க வேண்டும். மன்றக் காட்சியில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே நல்லது. கேள்வியும் ஆமாவும் மட்டும் போதும்.

கருவிகளில் குடத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வில் பார்வைக்குத் தலைமையானது. வீசுகோல் நாணில் விழும்போது எழும் அதிர்வும் மணிகளின் கலகலப்பும் காட்சிக்கு அழகு சேர்ப்பவை. பாட்டைத் தாங்குவது குடம். மண்குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டையான மட்டையால் அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று தள்ளப்பட்டு எழும் அடிக்குரலும், மறுகை குடத்தின் உடலில் தட்டும் கணீரென்ற ஒலியும் சேர்ந்து ஒரே ஆள் இரண்டு தோல்கருவி வாசிப்பதற்கு ஒப்பாகும். மின்கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் அஞ்சாமல் நிற்கக்கூடிய ஒலி அது. பதிவு செய்யும்போது மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் காற்று மோதி ஒலி உடைந்துவிடும். சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து, தாழ்ந்த ஒலிகளை நன்றாக வாங்கும் மைக்கை வையுங்கள், உடலில் விழும் தட்டுக்குத் தனியாக ஒன்று வையுங்கள். வில்லின் மணிகள் மற்ற எல்லா மைக்கிலும் புகுந்துவிடும் என்பதால் வில்லையும் குடத்தையும் தள்ளித்தள்ளிப் பதிவு செய்யும் யோசனை தோன்றும். அதைவிட இருவரையும் ஒன்றாகவே வாசிக்கவிட்டு, மணிகள் புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதையே நான் விரும்புவேன். காதில் இயந்திரத் தாளம் தட்டும் கிளிக் போட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள்; சாவை நெருங்கும்போது தானாக ஏறும் வேகத்தைக் கணினிக் கட்டத்துக்குள் அடைத்தால் நீங்கள் தேடிப்போன உயிரே வெளியேறிவிடும். குடக்காரரின் வாசிப்பை முதலில் பதிந்து, அதன்மேல் மற்றவர்கள் வாசியுங்கள். எல்லைப்பகுதி என்பதற்காகச் செண்டை, தவில், புள்ளுவன் குடம் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்ற வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அதற்கான தெய்வமும் அதற்கான இரவும் இருக்கின்றன.

இசையமைப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய ஒன்றை இங்கே சொல்கிறேன். செவ்வாய், வெள்ளிகளில் நடக்கும் கொடைகளுக்குப் போய் முழுக்கதையையும் அமர்ந்து கேளுங்கள். யூடியூபில் கிடைக்கும் துண்டுகளில் காலம் எப்படி வளர்கிறது என்பது தெரியாது. கொட்டாரம் பூங்கனி போன்றவர்கள் வில்லுக்கு முன்னால் அமர்ந்து பாடி, பெண்குரலுக்கு இந்தக் கலையில் அழுத்தமான இடத்தை உருவாக்கிச் சென்ற மாவட்டம் இது. பூங்கனி 2018இல் மறைந்தார். பெண் அண்ணாவிகள் பாடும் நீலியைத் தேடிக் கேளுங்கள். கொலையைப் பாடும்போது ஆண்குரல் வேகத்தை நம்பும் இடத்தில் அவர்கள் விருத்தத்தை நம்புவதை உங்கள் பாடகி உடனே உணர்வார். கொடையில் கண்ட சாமியாட்டத்தை மட்டும் உங்கள் மேடையில் நடித்துக்காட்ட வேண்டாம். கேட்கும் கூட்டத்தில் இசக்கியை வேண்டிப் பிள்ளை பெற்றவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு காட்சியாக இராது. கதையில் வரும் சாதிப்பெயர்களை என்ன செய்வது என்ற தயக்கமும் உங்களுக்கு வரலாம். எழுபது பேரை ஊரார் என்று மட்டும் பாடினாலும் கதை குறைவதில்லை. லட்சுமியைத் தாசி என்று சொல்லும் இடத்தில் இகழ்ச்சி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அதைவிட முக்கியம். கதையிலேயே உண்மையாக அன்பு வைத்தவள் அவள் ஒருத்திதான்.

அனுமதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீலி கதைக்கு எவரும் உரிமையாளர் அல்லர். தலைமுறை தலைமுறையாக வரும் மெட்டின் பொதுச்சாயலுக்கும் அப்படியே. ஆனால் ஓர் அண்ணாவி எழுதிய பாட்டு வரிகள் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியவை. பாடியவருக்கு அந்த நிகழ்த்துதலின்மேல் 50 ஆண்டு உரிமை தனியாக உண்டு; ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. எனவே கொடையில் கைபேசியில் பிடித்த குரலை வெட்டி உங்கள் பாட்டில் ஒட்டுவது, பாடியவர் சம்மதிக்காமல் செய்யக்கூடியது அல்ல. பதிவு கோயில் வளாகத்தில் எடுக்கப்பட்டதென்றால் கோயில் நிர்வாகிகளிடமும் சொல்லிவிடுவது முறை. அண்ணாவியையும் குடக்காரரையும் ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். அவர்கள் கொண்டுவருவது உழைப்பு மட்டுமன்று, மெட்டும் காலக்கணக்கும் கதையறிவும் அவர்களுடையவை. நான்கு பேர் குழு இனி ஆறு பேர் குழு என்று எண்ணி, வருவாயில் பங்கு எவ்வளவு, மேடைக்கு எவ்வளவு, பதிவை வேறு இடத்தில் பயன்படுத்தினால் எவ்வளவு என்று தமிழில் எழுதி, படித்துக்காட்டி, இரு பக்கமும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வெளியாகும் இடத்திலெல்லாம் இசை என்ற வரியில் அவர்கள் பெயரும் உங்கள் பெயர்களோடு ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.